உங்களுக்குத் தெரியுமா? மடுல்கெல்லையிலிருந்து மிகிந்தலை வரை, ரொட்டிப் பொதியோடு

ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு வேன் பிடித்து, மடுல்கெல்லையிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, பொலன்னறுவை, அநுராதபுரம் என்று மூன்று நாள் சுற்றி வந்தோம். பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் நாலு பேர், எல்லோருக்கும் மூத்தவராக அப்பாயி. மெக்சிக்கோவில் ஒரு குடும்பம் பழைய நகரங்களைப் பார்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சாப்பிட்டுத் திரியும் காணொளிகளை மூத்த மகள் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். அதனால் எங்கள் வேனுக்குள் மெக்சிக்கோவும் ஏறிக்கொண்டது. பார்த்தது, தின்றது, பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு விடை தேடிப் போய்க் கிடைத்தது எல்லாம் இங்கே.

◆ மடுல்கெல்லையில் விடிகாலையில் கதவைத் திறந்தால் எதிரே நிற்கும் மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயர் வந்தது எப்படித் தெரியுமா? தூரத்திலிருந்து பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அது பொத்திய கையின் விரல் முட்டிகளைப் போலத் தெரிந்தது. அதற்கு முன்பே சிங்கள மக்கள் இதைத் தும்பறை மலை என்றார்கள். பனிமூட்டம் படிந்த மலை என்று பொருள் சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு இங்கே நின்று பார்த்தவர்களுக்கு இரண்டாவது பெயர்தான் பொருத்தம் என்று புரியும். 2010இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாத மலைக் காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது.

◆ தோட்டத்து ரொட்டியில் சேரும் கோதுமை இந்த நாட்டில் விளைவதே இல்லை. கப்பலில் வந்த மாவுக்கு நம் தேங்காயைத் துருவிப் போட்டு, உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, லயத்துப் பெண்கள் அதைத் தங்கள் சாப்பாடாக்கிக்கொண்டார்கள்.

புறப்பட்ட அன்று அப்பாயி மூன்று மணிக்கே அடுப்பை மூட்டிவிட்டார். உருண்டையை வாழை இலைத் துண்டில் வைத்து, விரல்களைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வட்டமாகத் தட்டுவார். ஓரம் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடி நிறம் மாறியதும் உரித்தெடுப்பார். ரொட்டியின் முதுகில் வாழை நரம்பின் கோடு அப்படியே பதிந்திருக்கும். காலையில் ஒன்று தின்றுவிட்டுக் கொழுந்து மலை ஏறினால் மத்தியானம் வரை வயிறு கேட்காது. அதற்காகத்தான் அந்தத் தடிப்பு.

◆ அந்த ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கட்டைச் சம்பலின் உயிர் மெக்சிக்கோவிலிருந்து வந்தது! காய்ந்த கொச்சிக்காயையும் சின்ன வெங்காயத்தையும் உப்பையும் மாசியையும் அம்மியில் வைத்து நசுக்கி எலுமிச்சை பிழிகிறோமே, அதில் கொச்சிக்காய் முதன்முதலாகப் பயிரானது மெக்சிக்கோ மண்ணில். போர்த்துக்கேயர்கள் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இலங்கையில் அவர்கள் கால் வைத்தது 1505இல். அப்படியானால் சிகிரியாவைக் கட்டிய காசியப்பனும் பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகுவும் கொச்சிக்காயைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவர்களுடைய கறிக்கு உறைப்புக் கொடுத்தது மிளகு.

இந்த ஆள்மாறாட்டம் இரண்டு மொழியிலும் பதிவாகியிருக்கிறது. தமிழில் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். சிங்களத்தில் மிளகுக்கு இருந்த மிரிஸ் என்ற பெயரையே புதிதாக வந்தது பறித்துக்கொண்டது. பழைய மிளகு கம்மிரிஸ், அதாவது ஊர் மிரிஸ் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளி பெரிய கட்டிலில் படுத்துக்கொள்ள, வீட்டுக்காரர் பாயை விரித்துக்கொண்ட கதை இது.

◆ ஆங்கிலத்தில் இனிப்பைக் குறிக்கும் கேண்டி என்ற சொல்லுக்கும் கண்டி நகரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தச் சொல் வடமொழி கண்டத்திலிருந்து பாரசீகம், அரபு வழியாகப் போனது. நம் கற்கண்டு அதற்குச் சொந்தக்காரர். கண்டி என்ற ஊர்ப்பெயரோ கந்த உடரட்ட, அதாவது மலைமேல் நாடு என்ற சிங்களத் தொடரிலிருந்து வந்தது.

◆ கண்டியின் கடைசி நான்கு மன்னர்களும் தென்னிந்திய நாயக்கர் வழியினர். 1739இல் தொடங்கிய அந்த ஆட்சி 1815இல் முடிந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனுக்கு முடிசூடுவதற்கு முன் இருந்த பெயர் கண்ணசாமி. கண்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் குளத்தை வெட்டுவித்தவர் அவர்தான்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. ஆங்கிலேயர் படை கண்டிக்குள் நுழைந்தபோது மன்னன் ஓடி ஒளிந்த இடம் இந்தத் தும்பறைப் பக்கம்தான். தெல்தெனியாவைத் தாண்டியுள்ள மெத மஹநுவரப் பகுதியில் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டார். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மன்னனை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடத்தை முத்து மண்டபம் என்கிறார்கள். வேலூருக்கு வைத்தியத்துக்காகப் போகும் மலையகத்தார் எத்தனையோ பேர். ஒரு மணி நேரம் ஒதுக்கி அங்கேயும் போய்வரலாம்.

◆ தைப்பொங்கலுக்கு ஒரு சகோதரி கண்டியில் இருக்கிறாள். ஜனவரி மாதத்துத் துருது பௌர்ணமியில் தலதா மாளிகையில் அலுத் சஹல் மங்கல்லய என்ற புத்தரிசி விழா நடக்கும். பல்லேகலைக் களஞ்சியத்திலிருந்து புது நெல்லைப் பிரித்துக் கொடுப்பதில் தொடங்கி, மாளிகையில் புத்தரிசிச் சோறு படைப்பதில் முடியும். நாம் சூரியனுக்குப் பொங்கி வைத்துச் சில நாள் முன்பின்னாக, பக்கத்து ஊரில் இதே அறுவடைக்கு இதே நன்றி.

◆ பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகத்தில் சமைப்பவர்களும் விற்பவர்களும் கிராமத்துப் பெண்களே. நாங்கள் ஹலப்ப வாங்கினோம். குரக்கன் மாவையும் தேங்காயையும் கருப்பட்டியையும் பிசைந்து, வட்டக்கண்ணி இலையில் மடித்து அவிப்பது. சின்னவன் இலையைப் பிரித்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து சுற்றிலும் விரிந்த நரம்புகள், ஈரமான பழுப்பு மாவில் அச்சுப் போல. “அப்பாயி ரொட்டியில நேர்க்கோடு, இதில சூரியன்” என்றான். அவன் சொன்ன பிறகுதான் எங்களுக்கே கண்ணில் பட்டது.

◆ தும்பறைப் பள்ளத்தாக்கிலும் மாத்தளைப் பக்கத்திலும் கிளை நுனியில் காய்க்காமல் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு காய்க்கும் ஒரு மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கொக்கோ. பழைய மெக்சிக்கோவின் அஸ்தெக் மக்களிடம் இதன் கொட்டை கடையில் செல்லுபடியாகும் காசு. மெக்சிக்கோவின் ஒஹாக்கா நகரத்தில் இன்றும் கொக்கோவைக் கல்லில் அரைத்துப் பானமாக்குகிறார்கள். அம்மியின் ஒன்றுவிட்ட சகோதரி போன்ற கல் அது.

இப்போது உண்மையான ஆச்சரியம். அந்தப் பானத்தில் அவர்கள் சேர்க்கும் வாசனைப் பட்டை நம் கறுவா! இலங்கைக் கறுவாவை உலகில் அதிகம் வாங்கும் நாடுகளில் முன்னால் நிற்பது மெக்சிக்கோ. மெல்லிய, கையால் நொறுக்கக்கூடிய நம் பட்டைதான் அவர்கள் நாக்குக்குச் சரி. அவர்கள் கொச்சிக்காய் நம் சம்பலில், நம் கறுவா அவர்கள் கோப்பையில். ஆசியாவின் வாசனைச் சரக்குகளை மெக்சிக்கோவுக்குக் கொண்டுபோன மணிலா – அக்கபுல்கோ கப்பல் போக்குவரத்து 1565 முதல் 1815 வரை நடந்தது. கடைசிக் கப்பல் ஓடிய அதே 1815இல்தான் கண்டி வீழ்ந்தது.

◆ பட்டர் புருட் என்று நாம் சொல்லும் பழத்தின் தாயகமும் மெக்சிக்கோப் பக்கம்தான். நாம் சீனியும் பாலும் போட்டுக் கரைத்துக் குடிக்கிறோம். அவர்கள் உப்பும் கொச்சிக்காயும் எலுமிச்சையும் சேர்த்து மசித்துத் தின்கிறார்கள். மகள் ஒரு பழத்தை அவர்கள் முறையில் மசித்துத் தந்தாள். ரொட்டியோடு நன்றாகவே சேர்ந்தது.

◆ கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1880இல். கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை வழியாகப் போகும் அந்தப் பாதை மாத்தளையோடு முடிந்துவிடும்.

◆ மாத்தளைக்கு வடக்கே அலுவிகாரைக் குகைகளில்தான், அதுவரை வாய்வழியாக மட்டுமே ஓதப்பட்டுவந்த பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. வலகம்பா மன்னன் காலம், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டு. பஞ்சத்தில் பிக்குகள் ஒவ்வொருவராக இறந்துபோக, மனப்பாடம் செய்தவர்களோடு நூலும் அழிந்துவிடும் என்ற பயத்தில் எழுதினார்கள் என்று சொல்வார்கள். ஒரு நூல் பிறப்பதற்குப் பசி காரணமாக இருந்திருக்கிறது.

◆ மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் திருவிழாவில் ஐந்து தேர் ஓடும். 1983 கலவரத்தில் எரியூட்டப்பட்ட கோயில் மீண்டும் எழுந்து நிற்கிறது. அப்பாயி அங்கே வெளிவீதியில் செருப்பைக் கழற்றியவர், வேனில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம் கடைசியில் வருகிறது.

◆ நாவுலைக்கு அருகே நாலந்தா கெடிகே என்ற கற்கட்டடம் இருக்கிறது. பார்த்தவுடன் மாமல்லபுரம் ஞாபகம் வரும். பல்லவச் சிற்ப முறையில் எழுந்த பௌத்த ஆலயம் அது. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீருக்குள் போக வேண்டியதைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மீண்டும் கட்டினார்கள். பெரும்பாலான வாகனங்கள் நிற்காமல் தம்புள்ளைக்கு ஓடிவிடுகின்றன. தயவுசெய்து நில்லுங்கள்.

◆ தம்புள்ளைக் குகைக் கோயிலில் 157 சிலைகள், ஏறத்தாழ 2,100 சதுர மீட்டர் ஓவியம். பாறையின் மேடுபள்ளம் எதையும் செதுக்கிச் சமப்படுத்தாமல் அதன் மேலேயே தீட்டியிருப்பதால், அண்ணாந்து பார்த்தால் துணி விரித்துக் கட்டிய பந்தலின் கீழ் நிற்பது போலவே இருக்கும். மலையிலிருந்து இறங்கி ஒரு சிறு கடையில் சோறு சாப்பிட்டோம். தாமரைக் கிழங்குக் கறி வைத்தார்கள். வட்டம் வட்டமாக வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் பூப்போலத் துளைகள். கடித்தால் நறுக்கென்று இருக்கும். பூவைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, கிழங்கைக் கறியாக்குகிறார்கள்.

◆ சிகிரியாவின் அடிவாரத் தோட்டத்து நீரூற்றுகள் ஐந்தாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டவை. மழைக்காலத்தில் அவற்றில் இன்றும் தண்ணீர் பீச்சியடிக்கும்.

◆ பொலன்னறுவைக்கு ஒரு காலத்தில் ஜனநாதமங்கலம் என்று பெயர். ராஜராஜனின் பட்டப்பெயர்களில் ஒன்று ஜனநாதன். அநுராதபுரத்தைப் பிடித்த சோழர்கள் தலைநகரை இங்கே மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் விட்டுப்போனதில் மிக அழகானது, இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகையில் எழுதியிருக்கும் சின்னக் கற்கோயில். அதன் சொந்தப் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். ராஜேந்திர சோழனின் தாய் பெயரில் எடுத்தது. அடி முதல் முடி வரை கல்; அந்த நகரத்தின் செங்கற் கட்டடங்கள் பாதி உதிர்ந்து நிற்கையில் இது மட்டும் நேற்றுக் கட்டியது போல நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள். பிள்ளைகள் விரலால் எழுத்தைத் தொடாமல் காற்றில் தடவி, தெரிந்த எழுத்தைத் தேடினார்கள். ஒரு ‘ன’வும் ஒரு ‘ம’வும் கிடைத்தன என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அங்கிருந்து நாற்சதுர முற்றத்துக்குப் போனால், புத்தரின் தந்தம் இருந்த மாளிகையைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட வேளைக்காரப் படையின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு நிற்கிறது. அதுவும் தமிழில். பௌத்தர்களின் மிகப் புனிதமான பொருளுக்குத் தமிழ்ப் படை காவல் நின்றதைக் கல்லே சொல்கிறது. பாடசாலைச் சுற்றுலாவில் ஓட்டமாக ஓடுகிற எத்தனை பிள்ளைகளுக்கு இதைக் காட்டுகிறோம்? சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் சேர்த்தே காட்ட வேண்டிய கல் இது.

அதே முற்றத்தில் மன்னன் நிசங்கமல்லனின் கல்பொத்த என்ற கல்வெட்டு கிடக்கிறது. ஏறத்தாழ 25 தொன் எடை. மிகிந்தலையிலிருந்து இழுத்து வந்ததாக அந்தக் கல்லிலேயே வெட்டியிருக்கிறது.

◆ வழியோரத்தில் அண்டா வைத்து விற்கும் அவித்த சோளமும் மெக்சிக்கோப் பிறப்பு. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து அங்குள்ள உழவர்கள் அதைத் தேர்ந்து வளர்த்து எடுத்தார்கள். அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவிட்டுத்தான் மாவாக அரைப்பார்கள். ஏன் தெரியுமா? சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் நியாசின் என்ற விற்றமின் அப்போதுதான் உடம்பில் சேரும். இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில், அதையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பயிரை எடுத்தவர்கள், அதைச் சமைத்த பெண்களின் அறிவை எடுக்க மறந்தார்கள்.

அந்த மாவை உருட்டித் தட்டி, மண் சட்டியில் சுட்டால் தோர்த்தியா. காணொளியில் ஒரு கிழவி அதைத் தட்டுவதை மகள் அப்பாயிக்குக் காட்டினாள். அப்பாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். “கை நம்ம கை மாதிரிதான் போவுது. ஓரத்தைத்தான் ரொம்ப மெல்லிசா விட்டுட்டா” என்றார்.

◆ ஹபரணைப் பக்கத்துப் பலுகஸ்வெவையின் குளத்தொடர் முறையை 2017இல் உலக விவசாய மரபுரிமையாக ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் ஏற்றது. ஒரு குளம் நிரம்பி வழிந்த நீர் வயலுக்குப் பாய்ந்து, வடிந்து அடுத்த குளத்தில் சேரும். மெக்சிக்கோ நகரத்து ஏரியில் சேற்றை மேடாக்கிப் பயிர் செய்யும் சினம்பா தோட்டங்களும் அதே பட்டியலில் இருக்கின்றன.

◆ அநுராதபுரத்து ஜேதவனராமய தாதுகோபத்தை முதலில் கட்டியபோது உயரம் ஏறத்தாழ 122 மீட்டர். எகிப்தின் இரண்டு பெரிய பிரமிட்டுகளுக்கு அடுத்ததாக உலகில் உயர்ந்து நின்ற கட்டடம் அது. கல் அல்ல, செங்கல். கோடிக்கணக்கான செங்கல்! சுட்டவர்கள் யார், சுமந்தவர்கள் யார், அவர்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று சின்னவன் கேட்டான். பாதி விடை மிகிந்தலையில் கிடைத்தது.

◆ மிகிந்தலைப் படிகளில் ஏறும் வழியில், பழைய மடத்தின் சோற்றுச்சாலை இருக்கிறது. கூரை போய்விட்டது. இரண்டு கல் தொட்டிகள் மிஞ்சியிருக்கின்றன. பெரியது சோற்றுக்கு, சிறியது கஞ்சிக்கு. பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தோம். உட்பக்கம் வழவழவென்று இருக்கிறது. மகள் உள்ளங்கையை வைத்து, “எத்தனை அகப்பை உரசியிருக்கும்!” என்றாள். மேலே போனால் நான்காம் மகிந்தனின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுப் பலகைகள் இரண்டு. மடத்தில் வேலை செய்தவர்களுக்கு என்ன கூலி, எவ்வளவு அரிசி, எவ்வளவு நிலம் என்று சமையல்காரர் வரை கணக்கு வெட்டியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோறு சமைத்தவரின் கூலியைக் கல்லில் எழுதிவைத்த ஊர்.

◆ நாங்கள் வேனில் போன அதே பாதையில்தான் எங்கள் ஆட்கள் எதிர்த்திசையில் நடந்து வந்தார்கள்.

1820களில் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுலை, மாத்தளை என்று காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவில், தலைமன்னாரிலிருந்து ஜூலை இறுதியில் நடக்கத் தொடங்கியவர்கள் ஆகஸ்ட்டில் மாத்தளையை வந்தடைந்தார்கள். அந்த நடைபயணத்தில் வழியோரத்துச் சிங்கள, முஸ்லிம், தமிழ் மக்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள்.

மாத்தளைக் கோயிலில் அப்பாயி பேசாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். காட்டைக் கடந்து மாத்தளையில் மாரியாத்தாளைக் கண்ட பிறகுதான் உயிரோடு இருக்கிறோம் என்று நம்பினார்களாம். அவருடைய பாட்டி சொன்னதாம் அது.

திரும்பும்போது திறப்பனைக்கு அருகே ஒரு குளக்கட்டில் வேனை நிறுத்தினோம். ரொட்டிப் பொதியில் ஆறு மிச்சம். மூன்றாம் நாள் ரொட்டி, கல் மாதிரி இருந்தது. கடையில் வாங்கிய சாயத்தண்ணியில் தோய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் அப்பாயி. ஒன்றை மட்டும் நாலாகப் பிய்த்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாலை மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அணில் ஒன்று இறங்கி வந்தது.

“இங்கேயிருந்து மாத்தளைக்கு நடந்தா எத்தனை நாள் அப்பாயி?” என்று சின்னவன் கேட்டான்.

“சுமையோட, பிள்ளையோட நடந்தா நாலஞ்சு நாள் ஆகும் சாமி” என்றார்.

வேன் இரண்டரை மணி நேரத்தில் மாத்தளையைத் தொட்டது. அதுவரை யாரும் காணொளியைத் திறக்கவில்லை.